மூன்று பொட்டுக் குத்திய சாமான்

செத்த வீட்டில் ஒப்பாரி சொல்லுகிற பெண்கள் செத்தவரின் நல்ல குணங்களைச் சொல்லி அழுவார்கள். என் கணவர் செத்த அன்று அவருடைய அக்கா, எனக்கு மச்சாள் முறை, தலைமாட்டில் இருந்துகொண்டு வேறு விதமாக அழுதார்.

"காரின்ர சாமானை வித்துக் குடிச்சியே என்ர தம்பி, கேட்டால் மண்ணுக்க தாட்டனெண்டியே என்ர தம்பி!"

ராகம் பிசகாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி. பொய்யழுகை என்றால் கையைப் பிடித்து எழுப்பி அனுப்பியிருப்பேன். அது உண்மையான அழுகை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊர்ச் சனம் முழுக்க இருக்க, பெட்டிக்குள் கிடந்தவரைக் குடிகாரனாகவும் பொய்யனாகவும் ஆக்கிச் சுடலைக்கு அனுப்பிவைத்தார்.

என் கணவர் கள்ளுக் குடித்தவர்தான். ஆனால் காரைக் கழற்றி விற்றுக் குடிக்கிற அளவுக்கு அவருடைய வயிற்றில் இடமில்லை. இரண்டு போத்தலோடு பாட்டு வரும், பிறகு நித்திரை வரும். அவ்வளவுதான் அவருடைய குடி.

அன்று தொடங்கி நானும் மச்சாளும் வேலிக்கு மேலால் மட்டும்தான் கதைக்கிறோம். கதைப்பது என்றால் ஏசுவது. இங்கே அவரை 'அவர், இவர்' என்று எழுதுகிறேன். எழுத்திலாவது மரியாதை கிடந்துவிட்டுப் போகட்டும். நேரிலும் நான் 'நீங்கோ, வாங்கோ' என்றுதான் ஏசுவேன். வயதுக்கு மூத்தவரை மரியாதையாக ஏசினால் சூடு கூட.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏ-40 கார். வெள்ளைக்காரன் நாட்டில் செய்து கப்பலில் வந்து இறங்கியது. ஆமை மாதிரி முதுகு, கறுப்பு நிறம். மாமனார் வாங்கி, தன் மகனுக்கு விட்டுப்போனார். என் கணவர் முள்ளியவளையில் அதை வாடகைக்கு ஓட்டினார். பொம்பிளை மாப்பிளை ஏற்றினார், பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்களை ஏற்றினார், கோயிலுக்கு நேர்ந்த கிடாயைக்கூட ஒருமுறை பின்சீற்றில் ஏற்றினார். மச்சாளும் கல்யாணத்தன்று அதில்தான் போனார். வழியில் கார் நின்றுவிட, மாப்பிளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்களாம். அந்தக் குற்றத்தையும் மச்சாள் என்மேல்தான் வைத்திருக்கிறார். நான் அப்போது அந்த வீட்டுக்குக் கல்யாணம் முடித்து வரவேயில்லை.

சண்டையால் பெற்றோல் வராத காலத்தில் எங்கள் பக்கத்துக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் ஸ்ரார்ட் ஆகாது. ஸ்ரார்ட் ஆக நாலு துளி பெற்றோல் வேண்டும். அதற்காக என் கணவர் காபரேற்றரின் கழுத்தில் ஒரு துளை போட்டு, ஆஸ்பத்திரியில் வீசுகிற சேலைன் ரியூப் ஒன்றைச் செருகி, மருந்துப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். காய்ச்சல்காரனுக்கு மருந்து ஏற்றுகிற மாதிரி. கார் இரண்டு தரம் இருமிவிட்டு எழும்பும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கராச்சுக்குக் காரை விட்டால் நல்ல சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு பழசைப் போட்டுவிடுவார்கள் என்று உலகத்தில் எல்லோர்மேலும் அவருக்குச் சந்தேகம். என்மேலும்தான். அதனால் கழற்றக்கூடிய ஒவ்வொரு சாமானிலும் ஆணியை வைத்து மூன்று பொட்டுக் குத்தியிருந்தார், அடுப்புக் கல்லுப் போல முக்கோணமாக.

கடைசிச் சண்டையில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது காருக்குச் சில்லு இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. கொண்டுபோக முடியாததை எல்லாரும் மண்ணுக்குள் தாட்டார்கள். தையல் மெசினைத் தாட்டவர்கள் உண்டு, தண்ணீர்ப் பம்பைத் தாட்டவர்கள் உண்டு. இவர் காபரேற்றர், டைனமோ, மீற்றர், வெள்ளி மாதிரி மினுங்குகிற வீல் கப் நாலு எல்லாவற்றையும் கழற்றி உரப்பையில் கட்டி, கறள் பிடிக்கக்கூடாது என்று கழிவு ஒயிலை ஒரு தகரம் நிறைய மேலே ஊற்றி, இடுப்பளவு வெட்டின கிடங்கில் வைத்து மூடினார். நான் குசினியில் அரிசி பருப்புக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எங்கை தாட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"அக்காவின்ர எல்லை வேம்புக்கு இஞ்சால," என்றார்.

பிறகு மண்வெட்டியைக் கழுவித் துடைத்துச் சுவரோடு சாத்தினார். அந்த மண்வெட்டியையும் விட்டுவிட்டுத்தான் போனோம்.

முகாமில் இருந்து திரும்பி வந்தபோது வீட்டு வளவு மொட்டையாகக் கிடந்தது. எவரோ புல்டோசர் விட்டு எல்லா வளவையும் ஒன்றாக்கியிருந்தார்கள். கிளுவை வேலி இல்லை, கிணறு தூர்ந்துபோயிருந்தது. காரின் வெறுங்கூட்டை ஒரு மூலையில் தள்ளிவிட்டிருந்தார்கள். நின்ற இரண்டு வேம்பில் ஒன்றுதான் மிச்சம், அதற்கும் தலையில்லை. கிணற்றடியில் நாங்கள் ஆடு கட்டுகிற வேம்பு போய்விட்டது, எல்லை வேம்பு நிற்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். மச்சாளின் கணவரும் என் கணவரும் கயிறு பிடித்து, அந்த வேம்போடு வேலி போட்டார்கள். அதற்குப் பிறகு இவர் வேம்புக்கு இந்தப் பக்கம் கிண்டினார். மண்தான் வந்தது. அகட்டிக் கிண்டினார். இன்னும் மண் வந்தது.

மச்சாள் வீட்டார் முகாமில் இருந்து எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது. அவர்கள் வாசல் படலைக்குப் போய்க் கத்தினேன். சாமானை மட்டுமல்ல, வெளிக்கிட்ட நாளில் காணாமல் போன என் பச்சை நைலெக்ஸ் சீலையையும் அவர்தான் எடுத்தார் என்று சேர்த்துக் கத்தினேன். மச்சாள் தன் தம்பியின் முகத்தைப் பார்த்து, "நீ தாட்டாத்தானே ஆரும் எடுக்கிறதுக்கு? வித்துக் குடிச்சனி எண்டு சொல்லு," என்றார். இவர் திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் கிண்டினார். செத்துப்போகும் மட்டும் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. செத்தபிறகுதான் அந்த ஒப்பாரி.

மச்சாளுக்கும் என்மேல் ஒரு வழக்கு இருந்தது. வேலியோரமாக, தன் பக்கத்தில், அவர் வருசா வருசம் வாழைக்குட்டி வைப்பார். மற்ற வாழை எல்லாம் குலை தள்ளும். அந்த ஒரு இடத்தில் வைக்கிறது மட்டும் மஞ்சளாகி, சுருண்டு, செத்துப்போகும். நான் சூனியம் வைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னார். எனக்கு அரைப் படிப்புக்கூட இல்லை, மூன்றாம் வகுப்பில் ரீச்சர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். சூனியம் வைக்கிற அளவுக்குப் படித்திருந்தால் வாழையிலா வைத்திருப்பேன்?

இப்படியே போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் மச்சாளின் மகன் கனடாவில் இருந்து வந்தார். என் மருமகன் முறை. இளவயதிலேயே தலை நரைத்த மனிதர், அங்கே பழைய கார் வைத்திருக்கிறவர்களின் கூட்டம் ஒன்றில் இருக்கிறாராம். என் வளவில் கோழி முட்டையிட்டுக் கிடந்த கார்க்கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மாமி, தாத்தாவின்ர காரை நான் திருத்தப் போறன். கொம்பனியில இருந்து எப்படி வந்ததோ, அப்படியே. ஒவ்வொரு சாமானும் ஒரிஜினலா இருக்கவேணும்."

"கோழி?" என்று கேட்டேன். "கோழியும் கொம்பனியில இருந்து வந்ததுதான். இறக்காமல் திருத்தும்."

வேலிக்கு மேலால் மச்சாளின் தலை எழும்பியது. "காரின்ர வயித்தைக் கிழிச்சு வித்தவன்ர மனிசியிட்டை என்ன கேள்வி? தூக்கிக்கொண்டு இஞ்சால வா!"

"தூக்கட்டும் மச்சாள். ஆனா ஒரு கதை. மருமோன் வாங்கிற ஒவ்வொரு சாமானும் எங்கையிருந்து வந்ததெண்டு விசாரிக்கவேணும். எங்கட சாமான் எங்கையும் கடையில கிடந்தால், ஆர் கொண்டுவந்து வித்ததெண்டு கடைக்காரன் சொல்லுவான். அப்ப தெரியும் கள்ளி ஆரெண்டு."

"ஓம், விசாரிக்கட்டும்! குடிகாரன்தான் வித்தவன் எண்டு அவங்களே சொல்லுவாங்கள். நானும் வாறன்."

அதுதான் நடந்தது. மருமகன் கொம்பனி நம்பர் தேடப் போனார். மச்சாள் தன் தம்பி விற்றதற்குச் சாட்சி தேடப் போனார். நான், அவர் விற்கவில்லை என்பதற்குச் சாட்சி தேடப் போனேன். மூன்று பேரும் ஒரு வாடகை வானில். மச்சாள் முன்சீற்றில் ஏறி, தன் முகத்தை நான் பார்க்கும்படி கண்ணாடியைத் திருப்பிவைத்தார். வான்காரர் பின்னால் வருகிற லொறியைப் பார்க்கவேண்டுமே என்று திரும்ப நேராக்கினார். மச்சாள் மறுபடி திருப்பினார். மாங்குளம் பாதையில் நாங்கள் உயிரோடு போனது அம்மன் செயல்.

முதலில் வவுனியாவில் ஒரு பழைய இரும்புக் கடை. கடைக்காரர் மருமகனின் சப்பாத்தைப் பார்த்தார். உடனே ஒரு காபரேற்றரைச் சீலைத் துண்டால் துடைத்துக் கொண்டுவந்தார்.

"ஐயா, இது பொல்லாத ஒரிஜினல். கொம்பனி வாசம் இன்னும் போகேல்லை, மணந்து பாருங்கோ."

மருமகன் உண்மையாகவே மணந்து பார்த்தார். நான் சிரிப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். மச்சாள் பாய்ந்தார்.

"இதுதான்! இதுதான் எங்கட காரின்ர! தம்பி, உண்மையைச் சொல்லும், இதைக் கொண்டுவந்து தந்தது ஒரு கறுத்த, நெடுவலான ஆள்தானே? பாட்டுப் பாடினவனோ?"

"எங்க கடைக்குக் கறுத்த நெடுவல் ஆள்தானம்மா எல்லாரும் வருவினம்," என்றார் கடைக்காரர். "பாட்டுப் பாடினவன் ஆரும் இல்லை. இது அனுராதபுரம் பக்கத்தில ஒரு காரில கழட்டினது."

நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று பொட்டு இல்லை. கழுத்தில் துளையும் இல்லை.

"இது எங்கட இல்லை மருமோன்."

"எங்கட இல்லாட்டிலும் பரவாயில்லை மாமி, நம்பர் சரியா இருக்கு. துளையும் இல்லை, சுத்தமா இருக்கு."

வாங்கிவிட்டார். வானில் ஏறும்போது மச்சாள் சொன்னார், "பொட்டை அரத்தால தேய்ச்சு வித்திருப்பான்."

"துளையை என்னத்தால தேய்ச்சவர் மச்சாள்?"

மச்சாள் எட்டிக் கண்ணாடியை மறுபடி திருப்பினார்.

அடுத்த கிழமை கொக்கிளாய். அங்கே ஒரு மீன்காரர் வீட்டில் ஏ-40 வீல் கப் இருக்கிறதென்று மருமகனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இருந்தது. மாதா படத்துக்குக் கீழே, குடிதண்ணீர்ப் பானைக்கு மூடியாக. தேங்காய்த் தும்பால் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. மருமகன் விலை கேட்டார். மீன்காரரின் மனைவி பானையை இடுப்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"பானை மூடியை விலைக்குக் கேக்கிற ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன். அங்க கனடாவில மூடி இல்லையே?"

"பின்னுக்கு மூண்டு பொட்டு இருக்கோ எண்டு மட்டும் பாக்கட்டே பிள்ளை?" என்று நான் கேட்டேன்.

"பொட்டு வைச்சிருந்தால் எங்கட வீட்டில ஏன் கிடக்குது? கோயிலில எல்லோ கிடக்கும்," என்றார். ஆனாலும் திருப்பிக் காட்டினார். ஒன்றுமில்லை. திருகோணமலையில் இருந்து வலையோடு வந்த சாமானாம். மச்சாள் என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தார், அந்த வீல் கப்பில் பொட்டு இல்லாமல் போனதும் என் குற்றம் என்பது போல.

மூன்றாவதாகப் போனது உருத்திரபுரம். வாய்க்கால் கரையில் ஒரு மிளகாய்த் தோட்டம். அங்கே பழைய கார் எஞ்சின் ஒன்று தண்ணீர் இறைக்கிறது என்று கேள்வி. தோட்டக்காரி மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். நாங்கள் வானை விட்டு இறங்கமுன்பே நாயை அவிழ்க்கப் போனார்.

"யாரு நீங்க? எங்க மோட்டர்ல என்ன பார்க்கோணும்? முன்னயும் ஒருத்தன் வந்து இது தன்னோடதுன்னு சொன்னான். நாயி அவன் சாரத்தைக் கடிச்சு எடுத்துச்சு, இந்தா இப்பயும் மாட்டுக் கொட்டில்ல கெடக்கு."

"நாங்கள் சாரம் கட்டேல்லை தங்கச்சி," என்றேன். "பாத்திட்டுப் போறம்."

நாயைப் பிடித்துக்கொண்டு பார்க்கவிட்டார். மருமகன் குனிந்து நம்பரைத் தேடினார். மச்சாள் டைனமோவைத் தடவித் தடவிப் பொட்டுத் தேடினார், இருந்தால் தன் தம்பி விற்றது உறுதியாகிவிடும் என்ற ஆசையில். நான் எட்டி நின்று பார்த்தேன். இருக்கக்கூடாது என்று அம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். இல்லை. ஒரு பொட்டும் இல்லை.

"இது எங்கயும் வாங்கினது இல்லைங்க," என்று தோட்டக்காரி சொன்னார். "எங்கப்பா காலத்துக் காரு. சண்டை நேரம் எல்லாரு மாதிரி நாங்களும் பொதைச்சோம். வந்து தோண்டி எடுத்தா எஞ்சின் புதுசு மாதிரி இருந்துச்சு. மண்ணுதான் போச்சு. எங்க வீட்டுக்காரரு ஒரு டின்னு கழிவு எண்ணெய ஊத்திப் பொதைச்சாரு. அந்தா பாருங்க, அந்த எடத்துல எதை நட்டாலும் மஞ்சளாகிச் சுருண்டுபோகுது. சுத்திக் காய்க்குது, அங்க மட்டும் சாகுது."

காட்டிய இடத்தைப் பார்த்தேன். பச்சைத் தோட்டத்தின் நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவு சொட்டை. நடுவில் ஒரு மிளகாய்க் கன்று மஞ்சளாய்ச் சுருண்டு நின்றது.

எனக்கு அந்தக் கன்றைத் தெரியும். வருசா வருசம் வேலிக்கு மேலால் பார்க்கிறேனே. அது மிளகாய் இல்லை, வாழை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மச்சாளைப் பார்த்தேன். அவர் இந்த வருசம் செத்தல் மிளகாய் என்ன விலை போகுமென்று தோட்டக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் ஏறவில்லை. அவருக்குத் தலைக்குள் ஏதும் ஏறவேண்டுமென்றால் யாராவது தள்ளவேண்டும், அந்தக் கல்யாணக் கார் மாதிரி.

திரும்பி வரும்போது நான் வாயைத் திறக்கவில்லை. "ஏன் மாமி, சுகமில்லையோ?" என்று மருமகன் கேட்டார். "அவளுக்கு வாய் மூடினால்தான் சுகமில்லை," என்றார் மச்சாள். எனக்கு மறுமொழி சொல்ல நேரமில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். சாமான் கிடக்கிறது மச்சாளின் பக்கத்தில். நான் போய், "உங்கட வாழைக்குக் கீழ என்ர மனிசன் தாட்டது கிடக்கு" என்று சொன்னால், "நேற்றைக்கு நீ கொண்டுவந்து தாட்டது" என்பார். அல்லது வெட்டவே விடமாட்டார். அவர்தான் வெட்டவேண்டும், தன் கையால், ஊரைக் கூட்டி வைத்து. அந்த இடத்தை வேறொருவரும் தொடவில்லை என்று முதலில் அவர் வாயாலேயே வரவேண்டும்.

அடுத்த நாள் காலையில் மச்சாள் வளவு கூட்டுகிற நேரம் பார்த்து வேலியடிக்குப் போனேன். அந்த நேரம் பொதுப் பைப்படிக்குத் தண்ணீர் எடுக்க வருகிற சனம் வீட்டு முன் தெருவில், ஒழுங்கையில், நிற்கும்.

"மச்சாள், இந்த முறையும் வாழை போச்சுப்போல."

"போகாமல்? பக்கத்தில உன்னை வைச்சுக்கொண்டு வாழை வருமே?"

"உந்த இடத்தில வேற ஆரும் கைவைச்சவையோ?"

"ஆர் வைக்கிறது? வேலி போட்ட நாளில இருந்து என்ர கையாலதான் குட்டி வைக்கிறனான்."

"கூலிக்காரர், உங்கட அவர்? ஆழமா ஏதும் வெட்டினவையோ?"

"முழங்கை ஆழத்துக்கு மேல ஒருத்தரும் வெட்டேல்லை. அம்மனாணை! ஏன் கேக்கிறாய்?"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ. எனக்குக் காது மந்தம்."

"அம்மனாணை!" என்று மச்சாள் கத்தினார். பைப்படியில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குடம் நிரம்பி வழிந்ததைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

"அப்ப சரி. அடியில ஒண்டு கிடக்கு மச்சாள். அதை எடுத்தால்தான் வாழை வரும்."

மச்சாளின் கையில் இருந்த விளக்குமாறு விழுந்தது. பிறகு முகம் மலர்ந்தது. அத்தனை காலத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்க்கவில்லை.

"கேட்டியளோ சனங்கள்! அவளே சொல்லுறாள்! எடியே, நீதான் வைச்சனி! என்னடி வைச்சனி? தகடோ? மண்டையோடோ?"

"எடுங்கோ. எடுத்தாப்பிறகு ஆர் வைச்சதெண்டு நானே சொல்லுறன்."

ஓடிப்போய் மகனை எழுப்பினார். கூலிக்கு ஒருவரைப் பிடித்தார். அலவாங்கும் மண்வெட்டியும் வந்தது. செத்தல் மிளகாய், உப்பு, தேசிக்காய் எல்லாம் ஒரு சுளகில் வந்தது. ஒழுங்கைச் சனம் வளவுக்குள் வந்தது. எனக்கும் வேலியில் ஒரு தகரத்தைக் கழற்றி வழிவிட்டார், சூனியக்காரி முன்னால் நிற்கவேண்டுமாம்.

செத்த வாழையைப் புடுங்கினார்கள். முழங்கை ஆழத்துக்குக் கீழே மண் கறுத்திருந்தது. "பாத்தியளோ, கறுப்பு!" என்று மச்சாள் மிளகாயைச் சுற்றினார். பிறகு அலவாங்கு ஒரு கட்டையில் இறங்கியது. உக்கிப்போன வேர்க்கட்டை. ஒழுங்கை முடிவில் இருக்கிற கிழவனார் ஒரு துண்டை எடுத்து மணந்தார்.

"இது வேம்பு. உங்கட எல்லை வேம்பு இஞ்சயெல்லோ நிண்டது? அப்ப வேலியில நிக்கிறது எந்த வேம்பு?"

வேலியில் நிற்பது எங்கள் ஆடு கட்டின வேம்பு என்று எனக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது. இவர் சொன்ன இடத்தில்தான் தாட்டிருக்கிறார். தப்பின மரத்தை மாறிப் பிடித்து, வேலியை எங்கள் வளவுக்குள் தள்ளிப் போட்டு, தாட்ட கிடங்கைத் தானே அக்காவின் பக்கத்துக்கு விட்டுவிட்டு, தன் பக்கத்தில் நின்று வெறும் மண்ணைக் கிண்டியிருக்கிறார்.

இன்னும் கொஞ்சம் வெட்ட, மணம் வந்தது. கழிவு ஒயில் மணம். அவருடைய சட்டையில், தலையணையில், நான் அத்தனை வருசம் மணந்த மணம். மருமகன் கிடங்குக்குள் குதித்து உரப்பையைத் தூக்கினார். மச்சாள் தேசிக்காயைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னுக்குப் போனார்.

"மெல்ல அவிழடா, பேய் பாயும்!"

உரப்பையை அவிழ்த்தால் உள்ளே பச்சை நைலெக்ஸ் சீலை. என்னுடையது. நல்ல சீலையைத் தேடி எடுத்து அதில் டைனமோவைச் சுற்றியிருக்கிறார் மனிதன். வீட்டில் பழைய சாரம் எத்தனை கிடந்தது.

மச்சாளுக்குச் சீலையைத் தெரியும். "இதைத்தானே நான் களவெடுத்தன் எண்டு படலைக்கு வந்து கத்தினனி!"

"உங்களுக்குப் பச்சை எடுக்காது மச்சாள். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்."

சனம் சிரித்தது. மச்சாள் சிரிக்கவில்லை. மருமகன் காபரேற்றரை வெளியே எடுத்து, ஒயிலைத் துடைத்து, தாயின் கையில் கொடுத்தார். புதிதாக மினுங்கியது. மச்சாள் பெருவிரலால் அதன் பக்கத்தைத் தேய்த்தார். மூன்று பொட்டு. விரலை எடுக்காமல் அதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சுளகு கையில் இருந்து சரிந்து மிளகாய் எல்லாம் கிடங்குக்குள் கொட்டியது.

நான் அந்த நிமிசத்துக்காகத்தான் இருந்தேன். விடுவேனா?

"சொல்லுங்கோ மச்சாள். இதை ஆர் வைச்சதெண்டு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் சொல்லுங்கோ. செத்த வீட்டில சொன்ன அதே சத்தத்தில சொல்லுங்கோ. அண்டைக்குக் கேட்ட சனம்தான் இஞ்ச நிக்குது."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்றார் மச்சாள்.

"காலமை அம்மனாணை எண்டு கத்தேக்குள்ள கட்டேல்லையோ?"

"கத்தினதாலதான் கட்டினது."

திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். காபரேற்றரையும் கொண்டுதான் போனார்.

மூன்று நாலு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமேயில்லை. எனக்குச் சாப்பாடு செமிக்கவில்லை. பிறகு மருமகன் காரைத் தாயின் கொட்டிலுக்குள் இழுத்துப்போய், சாமானை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பூட்டத் தொடங்கினார். டைனமோவைப் பூட்டினார், மீற்றரைப் பூட்டினார், தேடி வாங்கின சில்லுப் போட்டு வீல் கப்பை அடித்தார். காபரேற்றர் வந்தபோது நின்றார். நானும் பார்க்கப் போயிருந்தேன். என் சாமானைப் பூட்டுவதைப் பார்க்க எனக்கு யாருடைய அழைப்பும் தேவையில்லை.

"இதில துளை இருக்கு மாமி. துளை போட்டது ஒரிஜினல் இல்லை, எங்கட கூட்டத்தில ஏற்றுக்கொள்ளமாட்டினம். வவுனியாவில வாங்கினதைப் பூட்டுறன். இதை ஒரு பெட்டிக்க வைப்பம்."

"என்னடா சொன்னனி?" என்று குசினிக்குள் இருந்து மச்சாள் வந்தார். கையில் அகப்பை. "பெட்டிக்க வைக்கவோ? இத்தனை வருசம் மண்ணுக்க கிடந்தது காணாதே?"

"அம்மா, கொம்பனி துளை போடேல்லையே."

"கொம்பனிக்கு என்ன தெரியும்? கொம்பனி மண்ணெண்ணெயில ஓடினதோ? நீ பிறக்கிற அண்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்தத் துளைதானடா! இது இல்லாட்டி நீ வீதியில பிறந்திருப்பாய்!"

"ஓம் மருமோன்," என்றேன் நான். "வவுனியாச் சாமானைக் கொண்டுபோய்த் திரும்பக் குடுத்திட்டு வாரும். மணந்து பாத்து வாங்கினதெண்டு சொல்லும், எடுப்பினம்."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளை ஏசியது அதுதான் முதல் தடவை. அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு துளைக் காபரேற்றரைப் பூட்டினார். கார் இரண்டு தரம் இருமிவிட்டு எழும்பியது. முன்சீற்றில் யார் ஏறுவது என்று உடனேயே சண்டை வந்துவிட்டது. மருமகன் காரை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். ஒருவரும் ஏறவில்லை.

இப்போது மருமகன் திரும்பிப் போய்விட்டார். கார் மச்சாளின் கொட்டிலில் நிற்கிறது. அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், கிளிநொச்சியில் இருந்து, வவுனியாவில் இருந்து, லீவில் வந்த வெளிநாட்டுக்காரரும். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், சாமான் எல்லாம் ஒரிஜினலோ என்று.

"ஒரிஜினல்தான்," என்று மச்சாள் சொல்லுகிறார், தொண்டை கட்டாத நல்ல சத்தத்தில், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி. "என்ர தம்பி ஒண்டும் விக்கேல்லை. எல்லாத்தையும் மண்ணுக்க தாட்டு வைச்சவன். குடிகாரன் எண்டு கண்டவை நிண்டவையெல்லாம் கதைச்சவை. எனக்கு அண்டைக்கே தெரியும், என்ர தம்பி அப்படிப்பட்ட ஆளில்லை."

கண்டவை நிண்டவையாம்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். ஆட்கள் வருகிற சத்தம் கேட்டால் அடுப்பில் கறி இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு வருகிறேன். என் மனிதனுக்காக நான் கேட்க ஆசைப்பட்ட சொல்லை, தானே கண்டுபிடித்த மாதிரி என் மச்சாள் ஊருக்கு விற்றுக்கொண்டிருக்கிறார், எனக்குப் பற்றி எரிகிறது, ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

வேலி இன்னும் ஆடு கட்டின வேம்போடுதான் நிற்கிறது. என் வளவில் ஒரு துண்டு அந்தப் பக்கம் கிடக்கிறது, அதில் வாழை வராது என்றாலும் அது என்னுடையது. ஆட்கள் போனபிறகு அதைப் பற்றிக் கேட்டேன்.

"மச்சாள், வேலியை எப்ப தள்ளிப் போடுவம்?"

"என்ன சொன்னனி?" என்றார். "எனக்கு இப்ப காது மந்தம்."